மூன்றாம் தண்ணீருக்கு முதல் நாள்

இருபத்தாறு நாளாக அந்த வீட்டில் கடுகு தாளிக்கவில்லை. முதலில் மகள் சுசித்ராவுக்கு அம்மை போட்டது. அவளுக்குத் தலைக்கு மூன்று தண்ணீரும் ஊற்றி முடித்த மறுநாள் தாய் மனோரமாவுக்குப் போட்டது. வாசலில் கட்டிய வேப்பிலை காய்ந்து, புதிதாகக் கட்டி, அதுவும் காய்ந்துவிட்டது. நாளை மனோரமாவுக்கு மூன்றாம் தண்ணீர். நாளை மறுநாள் அவள் ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஆஸ்பத்திரியில் இருக்கும் மகனைப் பார்ப்பாள். அந்த நாளுக்காக அவள் காத்திருந்தாள். அவள் கணவர் பரந்தாமன் அந்த நாளுக்குப் பயந்துகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் வேலை, அதனால் அவர்களுக்கு நான் டீச்சர். சின்ன வயதிலேயே அம்மை வந்துபோனதால் அந்த வீட்டுக்குள் போய்வர எனக்குத் தடையில்லை. இளநீர் வாங்கிவருவேன். கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் கொடுப்பேன். எனக்கு அதிகம் பேச வராது. அதனாலேயே அவர்கள் என்னிடம் பேசினார்கள்.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் வீடு. பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில் இரண்டு விசைத்தறி. லுங்கி ஓடும். தறி ஓடும்போது மாடியில் என் தண்ணீர்க் குடத்தின் மேற்பரப்பில் வட்டம் வட்டமாக அலை எழும். மின்சாரம் போனால் அலை அடங்கும். அந்த வருஷம் தினமும் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை மின்வெட்டு. ஆவணி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. தெருவிலுள்ள தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நிற்கும். அதற்குப் பிறகு வருகிற அமைதி எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

மகன் விஷ்ணு பலகையில் நின்று பிழைத்தான். அடியில் நாலு சக்கரம் வைத்த பலகை. தெருவில் அவனுக்குப் பலகைக்காரன் என்று பெயர். பன்னிரண்டு வயதில் முதல் பலகையை அவனே செய்தான். கைத்தறியை எடுத்துவிட்டு விசைத்தறி போட்ட வருஷம் அது. நெசவாளி காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழிக்குள் கிடந்த மிதிபலகையை எடுத்து, மெக்கானிக் கழற்றிப்போட்ட பேரிங்குகளை அதன் அடியில் மாட்டினான். குழியில் மண்ணைக் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, அதை ஒட்டி முதல் விசைத்தறியை நிறுத்தும்வரை நான்கு நாள் அந்தப் புதுத்தரையில் ஓட்டிக்கொண்டே இருந்தானாம். பள்ளிக்கூடம் போகச்சொல்லி பரந்தாமன் தறியின் நாடாக்கட்டையால் அடித்திருக்கிறார்.

பிறகு மலைப்பாதை. வண்டிகள் ஏறும் வளைவுகளில், முதல் பஸ் கிளம்புவதற்குள், மேலிருந்து கீழே வருவான். தாடையில் ஒரு தழும்பு, இரண்டு முழங்கையிலும் தழும்பு. பிறகு ரயிலேறிச் சென்னை. கடற்கரையில் பலகை ஓட்டுகிற நாலைந்து பேர் கிடைத்தார்கள். அதில் ஷ்யாம் என்பவன் இவனை ஒரு விளம்பரப் படக்காரரிடம் கூட்டிப்போனான். அதிலிருந்து அதுவே தொழில். கடைத் திறப்பு விழா, கல்லூரி விழா, லாரியின் மேல் மேடை கட்டிக் குளிர்பானம் விற்பவர்கள், எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒரு தாவலுக்கு முப்பது முறை விழ வேண்டியிருக்கும். படத்தில் வருவது விழாத ஒன்று. விழுவதுதான் வேலை, நிற்பது சும்மா என்று ஒருமுறை மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னான். இரண்டாவது தறி அவன் காலில் வந்தது. சுசித்ராவின் நர்சிங் படிப்பும்.

விளம்பரத்தில் ஒரு நடிகர் பலகையைக் கையில் பிடித்துச் சிரிப்பார். அடுத்து கால்கள் மட்டும் தெரியும். அந்தக் கால்கள் விஷ்ணுவுடையவை. எதிர்வீட்டு ஜெயம்மா ஒருநாள் கேட்டாள்: “உம் புள்ளைக்கு மூஞ்சி இல்லியா, கால மட்டும் காட்டிக்கினு கீறான்?”

“மூஞ்சிய ஆரு வேணா காட்டலாம்க்கா. நீ கால காட்டு, பாக்கலாம்,” என்றாள் மனோரமா.

அவனுடைய காலை அவள் அறிந்ததுபோல் யாரும் அறிந்ததில்லை. இடது காலை முன்னால் வைத்து நிற்பான். பலகையோடு சேர்ந்து எம்பும்போது, பலகையில் ஒட்டியிருக்கும் உப்புத்தாளில் இடது ஷூவின் ஓரம் உரசும். ஒரே மாதத்தில் ஓட்டை விழும். வலது ஷூ அப்படியே புதிதாக இருக்கும். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மனோரமா இடது ஷூவை மடியில் வைத்துக்கொண்டு தறியில் ஓடும் பாவு நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழை இழையாக ஓட்டையை அடைப்பாள். பச்சை லுங்கி ஓடினால் பச்சை நூல். நீலம் ஓடினால் நீலம். டிவியில் அந்தக் கால்கள் வரும்போது இடது ஷூவின் ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி தெரியும். அது அவள் போட்டது.

சுசித்ராவுக்கு அம்மை போட்டதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு ஷூ கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு வருஷத்துக்கு அவர்களுடைய ஆளாக இருக்க வேண்டும். மாதாமாதம் சம்பளம். பெயரும் முகமும் போடுவார்கள். முழு உருவப் படம் எடுக்க வரச்சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள். மனோரமா அந்தக் கடிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். கால் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இனி முகமும் தெரியப்போகிறது.

சுசித்ராவுக்கு அம்மை போட்ட மூன்றாம் நாள் விஷ்ணு விழுந்தான். கட்டி முடிக்காத ஒரு பாலத்தின் கீழ் படப்பிடிப்பு. மரச்சரிவிலிருந்து தாவி இறங்கும்போது சரிவைத் தாங்கிய இரும்புக் குழாய் நகர்ந்து இடது காலின் மேல் விழுந்தது. பரந்தாமனுக்கு முன்பே அம்மை வந்துபோயிருந்ததால் அவர் மட்டும் போனார். அம்மை போட்ட வீட்டிலிருந்து மனோரமா போக முடியாது. போனாலும் ஆஸ்பத்திரியில் விடமாட்டார்கள். எலும்பு முறிவு, பிளேட் வைப்பார்கள் என்று போனில் சொன்னார்.

அம்மை போட்ட ஆறாம் நாள் அவர் திரும்பிவந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். சனிக்கிழமை. மின்வெட்டு நேரம். தெரு அடங்கிக் கிடந்தது. வெளியூர் போய் வருகிறவர்கள் அம்மை வீட்டு வாசலில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் வாசலுக்கு வரவில்லை. பக்கத்துச் சந்து வழியாக நேராகக் கொட்டகைக்குப் போனார். கையில் ஒயர் கூடை. இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கூடையை அப்படி யாரும் தூக்கமாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது, ஆனால் தறி ஓடவில்லை. மூன்று மணிக்கு வாசலுக்கு வந்து தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு காலில் ஊற்றிக்கொண்டார். நான் எண்ணவில்லை. ஆனால் தொட்டி தீர்ந்துபோனது. விரல் இடுக்கில் சிமெண்ட்.

மனோரமா உள்ளேயிருந்து கேட்டாள். பழைய தறிக்கால் ஆடுகிறது, தரையைப் பெயர்த்துப் பூசினேன் என்றார். ஊரிலிருந்து வந்த காலோடு எதற்கு இந்த வேலை என்று அவள் கேட்டாள். தயிர்சோற்றைப் பிசைந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்தார்.

பன்னிரண்டாம் நாள் ஷ்யாம் விஷ்ணுவின் பையைக் கொண்டுவந்தான். அவனுக்கு அம்மை வந்ததில்லை, அதனால் சாலையிலேயே நின்றான். நான் போய் வாங்கினேன். விஷ்ணு எப்படியிருக்கிறான் என்று கேட்டேன். பேசுறான் என்றான். வேப்பிலையைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. சாய்கிருஷ்ணன் டீக்கடையில் ஒரு டீகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டான்.

பைக்குள் பலகை இருந்தது. இரண்டு சட்டை, துண்டு, வலது ஷூ. மனோரமா பையைக் கவிழ்த்து உதறினாள். துணிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாள்.

“கிழியறது அந்த ஷூ, டீச்சரு. அத்த வெச்சிக்கினு நல்லத அனுப்பிக்கீறானே. நல்லதுல நான் இன்னாத்த தெக்கிறது?”

ஊசியில் நூல் கோர்த்து வைத்திருந்தாள். அதை வலது ஷூவின் நாக்கில் குத்தி அலமாரியில் வைத்தாள்.

பதினான்காம் நாள் அவள் கிளம்புவதாக இருந்தது. அன்று காலை முதுகில் மூன்று முத்து. பரந்தாமன் அதைப் பார்த்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார். அவர் முகத்தில் இருந்தது கவலை இல்லை. எனக்கு அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அதன்பின் அவர் செவ்வாயும் வியாழனும் சென்னை போய்வந்தார். மற்ற நாளில் ஷ்யாம் அங்கே இருந்தான். விஷ்ணு தினமும் சுசித்ராவின் போனுக்குப் பேசினான். மனோரமா வேப்பிலைமேல் படுத்துக்கொண்டு கேட்பாள். அம்மை வீட்டில் டிவி சத்தம் கூடாது என்று ஜெயம்மா சொன்னதால், ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பாள். அரைமணிக்கு ஒருமுறை அந்தக் கால்கள் வரும். சத்தமில்லாமல் ஓடும், எம்பும், இறங்கும். இடது ஷூவில் நீலப் புள்ளி. அவள் படுத்தபடியே கையை நீட்டிக் காட்டுவாள். நான் பார்ப்பேன்.

பதினைந்தாம் நாள் போனில் அவன் சொன்னான்: “ம்மா, எடது பாதத்துல ஒரு மாரி அதிருதுமா. நம்ம தறி ஓடுறப்ப தரையில கால வெச்சா இருக்கும் பாரு. அது மாரி.”

“உசுரு வருது கண்ணு. நரம்பு சேந்துக்கினு வருது. வரட்டும்.”

 “ஆங்,” என்றான். “ராத்திரி பகலா தூக்கமே இல்ல. பன்னண்டு மணிக்கு டக்குனு நின்னுடுது. ரெண்டு மணிக்கு மறுபடியும்.”

நான் கூழ் டம்ளரைக் கீழே வைத்தேன்.

ஆஸ்பத்திரி ஜெனரேட்டராக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஜெனரேட்டர் மின்வெட்டில் ஓடும், நிற்காது. அதோடு சென்னையில் அந்த நேரத்தில் மின்வெட்டும் இல்லை, செய்தித்தாளில் பார்த்தேன். இந்தத் தெருவில்தான் பன்னிரண்டுக்குத் தறி நிற்கும், இரண்டுக்கு ஓடும். உடைந்த காலில் உணர்ச்சி தாறுமாறாக இருக்கும், வலி மருந்து கொடுக்கிற நேரமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் அமாவாசை வந்தது. அமாவாசையன்று நெசவாளிகள் தறியில் கை வைப்பதில்லை. அன்று முழுவதும் தூங்கினானாம். ரொம்ப நாள் கழித்து இன்றைக்குத்தான் கால் சும்மா இருந்தது என்று சாயங்காலம் சொன்னான். மனோரமா முருகனுக்குக் கை கூப்பினாள். நான் மாடிக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருபதாம் நாள் அவள் இதைக் கணவரிடம் சொன்னாள். நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை வாய்க்குப் பாதிவழியில் நின்றது.

“தறி மாரின்னா சொன்னான்?”

“ஆங். நம்ம தறி மாரின்னான். எந்நேரமும் வூட்டு நெனப்பு புள்ளைக்கு.”

மறுநாளிலிருந்து பழைய தறி ஓடவில்லை. பெல்ட் அறுந்துவிட்டது என்றார். நான் ஊடைநூல் சுற்றிய தார்க்குச்சிக் கூடையைக் கொடுக்கப் போனபோது பார்த்தேன். பெல்ட் முழுசாக இருந்தது. தறியின் முன்பக்கம், நெசவாளி நிற்கிற இடத்தில், தரை ஒரு முழ அகலத்துக்கு வெளுப்பாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு வேப்பிலைக் கொத்து. பரந்தாமன் புதுத் தறியில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து விஷ்ணு நன்றாகத் தூங்கினான்.

இருபத்து நான்காம் நாள் மனோரமா என்னை மலையடிவாரத்துக்கு அனுப்பினாள். உண்டியலில் போட வெள்ளியில் கால் வேண்டும். பத்மா கடையில் கண், கை, கால் எல்லாம் தகடாக அட்டையில் குத்தி வைத்திருப்பார்கள். இரண்டு காலும் சேர்ந்தே ஒரு தகடு. வாங்கிவந்தேன். மனோரமா அதை மஞ்சள் துணியில் முடிந்து கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பரந்தாமன் சாயங்காலம் அதைப் பிரித்துப் பார்த்தார். வெளியே வந்து மாடிப்படிக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார்.

“தனியா ஒத்தக் கால் விக்க மாட்டாங்களா டீச்சரு?”

நான் கேட்கவில்லையே என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

இருபத்தாறாம் நாள் காலை. கொப்புளங்கள் பொருக்குத் தட்டியிருந்தன. மனோரமா எழுந்து நடந்தாள். மறுநாள் மலைக்கும், அதற்கடுத்த நாள் சென்னைக்கும் போக வேண்டும். பழைய தறியில் பாவு இன்னும் ஐந்தாறு லுங்கிக்கு மிச்சம் இருந்தது. பாவைப் பாதியில் விட்டுவிட்டு வாசல் தாண்டக்கூடாது என்பது அவள் எண்ணம். பரந்தாமன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று. அவள் கொட்டகைக்குப் போனாள். சுசித்ரா போனில் அண்ணனோடு பேசிக்கொண்டே பின்னால் போனாள். மனோரமா கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

“ஷூ கம்பெனிக்காரன் கடுதாசிக்கு இன்னா பதில் எழுதறது கண்ணு? தேதி வந்துட்டுது,” என்றாள் மனோரமா, பெல்ட்டைத் தடவிக்கொண்டே. “பெல்ட்டு நல்லாத்தானே கீது, இவரு இன்னாவோ சொன்னாரு.”

“அப்பறம் பாத்துக்கலாம்மா,” என்றான்.

அவள் சுவிட்சைப் போட்டாள். தறி உதறிக்கொண்டு கிளம்பியது. போனில் விஷ்ணு மூச்சை இழுத்தது தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

“வந்துடுச்சு. மறுபடியும் வந்துடுச்சும்மா.”

ஈர வேட்டியோடு பரந்தாமன் ஓடிவந்தார். யாரையும் பார்க்காமல் சுவிட்சை அணைத்தார்.

“நின்னுடுச்சு,” என்றது போன்.

மனோரமா போனைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. அவள் அந்தக் கையை எடுத்துவிட்டு, சுவிட்சைப் போட்டாள்.

“ம்மா, இன்னா பண்றீங்க அங்க? வந்துடுச்சு.”

அணைத்தாள்.

“நின்னுடுச்சு.”

அவள் நடந்துபோய்ப் புதுத் தறியைப் போட்டாள். அதுவும் அதே சத்தம், அதே அதிர்வு. நானாக இருந்தாலும் அடுத்து அதைத்தான் செய்திருப்பேன். “இப்ப?” என்றாள்.

“இல்லம்மா. இப்ப ஒண்ணும் இல்ல.”

அதையும் அணைத்தாள். கொட்டகை அமைதியானது. பக்கத்து வீட்டுத் தறிகள் தூரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. அவள் மெதுவாகப் பழைய தறிக்குத் திரும்பி வந்து, நெய்கிறவர்கள் நிற்கிற இடத்தில், எப்போதும் போல இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். வேப்பிலைக் கொத்து அவள் விரல்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

“ம்மா,” என்றான் விஷ்ணு. குரல் தாழ்ந்திருந்தது. “யாரோ கால் மேல ஏறி நிக்கிற மாரி கீது.”

 மனோரமா குனிந்து தரையைப் பார்த்தாள். வெளுத்த சிமெண்டின் ஓரத்தை வலது கால் விரலால் தடவினாள். ஒரு காலை எடுத்தாள். பிறகு இன்னொன்றை. சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

“எறங்கிட்டாங்க,” என்றான்.

பரந்தாமன் தறிக்கட்டையைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி வெளுத்த தரையின் மேல் ஓடி, அதன் ஓரத்துக் கீறலுக்குள் இறங்கியது.

“அந்த எடது ஷூ எங்க?” என்றாள் மனோரமா. சத்தமாகக் கேட்கவில்லை.

 போனில் விஷ்ணு, “நைனா, சொல்லிடு நைனா,” என்றான்.

“ஷூவும் அதோடதான் கீது,” என்றார். “எடது கால எடுத்துட்டாங்க, மனோரமா. முட்டிக்குக் கீழ. எடுத்து என் கையில குடுத்தாங்க. சனிக்கெழம சுடுகாட்டுக்குக் கொண்டும்போனா மிச்சத்தையும் கூப்புடும்னு சொன்னாங்க அங்க இருந்தவங்க. எனக்கு பயமா பூட்ச்சி. அதான் வூட்டுக்கே எடுத்துக்கினு வந்துட்டேன். அவன் பழகுன குழிதானேன்னு. இப்ப நீ நின்னுகினு இருந்தியே, அங்கதான் பொதச்சிக்கீறேன்.”